கையெழுத்துப் போட்டால் எழுத்தறிவு வந்துவிடுமா? தன்னார்வலர்களை நம்பி ஓடும் கல்வித் திட்டங்கள்: சாதித்தது என்ன, சறுக்குவது எங்கே?

வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்ப இன்னொருத்தரைத் தேடும் ஒரு பெண்மணி. ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் திணறும் அவருடைய பேரன். இந்த இரண்டு பேருக்கும் அரசு வைத்திருக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: அதே தெருவில், அதே ஊரில் இருக்கும் ஒரு தன்னார்வலர்.

பெரியவர்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், பிள்ளைகளுக்கு இல்லம் தேடிக் கல்வி. இரண்டையும் தாங்கிப் பிடித்தவர்கள் தன்னார்வலர்கள். இந்த முறை வேலை செய்கிறதா? செய்கிறது என்றால் எதுவரை? 35 வருஷ அனுபவமும் ஆய்வுகளும் சொல்வதைப் பார்க்கலாம்.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்றால் என்ன?

மத்திய அரசு 2022-ல் ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. 2022-23 முதல் 2026-27 வரை 5 ஆண்டுகள். மொத்த ஒதுக்கீடு ரூ.1,037.90 கோடி. அதில் மத்திய அரசின் பங்கு ரூ.700 கோடி, மீதி மாநிலங்களுடையது. 15 வயதைத் தாண்டிய, எழுதப் படிக்கத் தெரியாத 5 கோடிப் பேருக்கு அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்றுக்கொடுப்பது இலக்கு. தேசிய அளவில் இதற்கு 'உல்லாஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது.

ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக் கணக்கெடுப்பார்கள். பெரும்பாலும் அருகில் உள்ள அரசுப் பள்ளியே மையம். தன்னார்வலர் ஒருவர் வகுப்பு எடுப்பார். முடிவில் ஒரு தேர்வு. வாசிப்புக்கு 50, எழுதுவதற்கு 50, கணக்குக்கு 50 என மொத்தம் 150 மதிப்பெண். தேறியவர்களுக்குச் சான்றிதழ் உண்டு.

கல்லூரி மாணவர்கள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், படித்த இல்லத்தரசிகள் என யார் வேண்டுமானாலும் தன்னார்வலர் ஆகலாம். ஊதியம்? கிடையாது. 'முழுக்க முழுக்கத் தன்னார்வம்' என்பதுதான் திட்டத்தின் அடிப்படையே.

இன்னுமா எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்காங்க?

இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80.09 சதவீதம். ஆண்களில் சுமார் 87, பெண்களில் சுமார் 73. அதாவது, அன்றைக்கு 7 வயதைத் தாண்டிய நான்கு பெண்களில் ஒருவருக்கும் மேல் எழுதப் படிக்கத் தெரியாது. அதன் பிறகு கணக்கெடுப்பே நடக்காததால், அரசு ஆவணங்களில் இன்றைக்கும் பேசப்படுவது இந்த எண்கள்தான்.

அப்போது விடுபட்டவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்த பெண்கள், விவசாயக் கூலிகள், மலைக் கிராம மக்கள், நகரத்துக் குடிசைப் பகுதி மக்கள். அதே நேரத்தில் வாழ்க்கையில் எழுத்து நுழையும் இடங்கள் பெருகிவிட்டன. மகளிர் உரிமைத் தொகை வங்கிக் கணக்குக்கு வருகிறது. வந்ததைச் சொல்வது எஸ்.எம்.எஸ். ரேஷன் கடை பில், மாத்திரை அட்டையில் தேதி, சுயஉதவிக் குழுக் கடன் படிவம், ஓ.டி.பி. என எல்லாமே வாசித்தாக வேண்டியவை. வாசிக்கத் தெரியாதவர் ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரை நம்பித்தான் ஆக வேண்டும். அந்த இன்னொருவர் நல்லவராக இருந்தால் பிரச்னை இல்லை. இல்லாவிட்டால் பணம் போகும், சில நேரம் நிலம்கூடப் போகும்.

தன்னார்வலர் முறை புதுசா?

இல்லை. 40 வயதைத் தாண்டிய தமிழ்நாட்டுக்காரர்களிடம் 'அறிவொளி' என்று சொன்னாலே போதும்.

1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 15 முதல் 35 வயது வரையானவர்கள்தான் அதன் இலக்கு. கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் பெரிய இயக்கமாக நடத்த, 1990 பிப்ரவரியில் அது முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரல் 18-ல் கேரள மாநிலமே அப்படி அறிவிக்கப்பட்டது.

அந்த அலைதான் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் ஆனது. மாவட்ட ஆட்சியர் தலைமை, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் களப்பணி, ஊருக்கு ஊர் இளைஞர்கள். வீதி நாடகமும் பாட்டும் போட்டு முதலில் ஊரைக் கூட்டுவார்கள். அப்புறம்தான் சிலேட்டு, புத்தகம்.

இதில் அதிகம் பேசப்பட்டது புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பது என முடிவானது. கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பல ஆயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி இந்தக் கதை நாடு முழுக்கப் பரவியது. கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடும் முயற்சியும் அந்தக் காலத்தில்தான் நடந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அறிவொளி வெறும் 'அ, ஆ' மட்டும் கொடுக்கவில்லை. குத்தகைப் பத்திரம், கூலிக் கணக்கு, பக்கத்து ஊருக்குத் தனியாகப் போவது என, எழுத்தைப் பயன்படுத்த ஒரு காரணத்தையும் சேர்த்துக் கொடுத்தது. வகுப்புக்குக் கூட்டம் வந்ததற்கு அது முக்கியக் காரணம்.

அப்புறம் என்ன ஆச்சு?

இயக்கம் என்பது ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு ஓடும் வேகம். அது எல்லா நாளும் அதே சூட்டில் இருக்காது. முதல் கட்டம் முடிந்ததும் ஆட்சியர்கள் மாறினார்கள். தன்னார்வ இளைஞர்கள் வேலைக்கும் குடும்பத்துக்கும் போனார்கள். அடுத்து வந்த வளர்கல்வி மையங்களுக்கு அந்தப் பழைய ஊர்க்கூட்டம் வரவில்லை.

பெரியவர்கள் கற்ற எழுத்துக்கு ஒரு குணம் உண்டு. பயன்படுத்தாமல் விட்டால் மறந்துபோகும். கையெழுத்து மட்டும் கையில் நிற்கும், வாசிப்பு போய்விடும். 1991-ல் 30 வயதில் சிலேட்டு பிடித்த பெண்ணுக்கு இன்று 60-ஐத் தாண்டிய வயது. தொடர்ந்து வாசிக்க எதுவும் கிடைக்காமல் எழுத்தை மறந்தவர்கள், இன்றைய திட்டத்தில் மறுபடியும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

2009-ல் வந்த 'சாக்ஷர் பாரத்', தமிழில் 'கற்கும் பாரதம்', பெண்களை முன்வைத்துத் தொடங்கியது. பஞ்சாயத்து மையங்களில் ஊக்குநர்களுக்கு மாதம் ரூ.2,000 மதிப்பூதியம் கொடுத்தது. 2018-ல் அதுவும் நின்றது. ஒவ்வொரு திட்டமும் புதுப் பெயரோடு வருகிறது. பழைய திட்டத்தில் படித்தவர்கள் இப்போது எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பின்தொடர்ந்து பார்க்கும் வேலை மட்டும் எதிலும் வலுவாக இல்லை.

பிள்ளைகள் பக்கம்: இல்லம் தேடிக் கல்வி என்ன செய்தது?

கொரோனாவால் பள்ளிகள் ஒன்றரை ஆண்டு மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம் இது. 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை 5 முதல் 7 மணிக்குள், வீட்டுக்குப் பக்கத்திலேயே தினமும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேர வகுப்பு. ஒரு தன்னார்வலருக்கு சுமார் 20 பிள்ளைகள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர பிளஸ் 2, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிகிரி படித்திருக்க வேண்டும். மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை. உச்சத்தில் இருந்தபோது சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள். பெரும்பாலோர் பெண்கள்.

பலன் என்ன? இதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளை ஆய்வு செய்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கிலும் தமிழிலும் பெரிய அளவில் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்து 6 மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அப்படி மீண்டதில் சுமார் 24 சதவீதத்துக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்கிறது அந்த ஆய்வு.

அதாவது, ஆசிரியர் பயிற்சி எதுவும் படிக்காத, பக்கத்து வீட்டு அக்காக்கள் நடத்திய மாலை வகுப்பு, மாநில அளவில் அளந்து பார்க்கும்படி பலன் தந்திருக்கிறது. பள்ளிகள் வழக்கம்போல இயங்கத் தொடங்கிய பிறகு மையங்களின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைக்கப்பட்டது.

மற்ற மாநில ஆய்வுகள் என்ன சொல்லுது?

தன்னார்வலர்களுக்குச் சொல்லித்தரத் தெரியுமா என்பதுதான் வழக்கமான சந்தேகம். ஆய்வுகளைப் பார்த்தால் பிரச்னை அங்கே இல்லை.

மும்பையிலும் வதோதராவிலும் 2000-களின் தொடக்கத்தில் 'பால்சகி' என்ற திட்டத்தை 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் நடத்தியது. அதே பகுதியைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு சிறு தொகையும் கொடுக்கப்பட்டது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உள்ளிட்டோர் இதை ஆய்வு செய்தார்கள். பிள்ளைகள் நன்றாக முன்னேறியிருந்தார்கள். ஆனால் திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி கரைந்திருந்தது.

அடுத்து உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டம். கிராமத்துத் தன்னார்வலர்கள், ஊதியம் இல்லாமல், பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்தினார்கள். வகுப்புக்கு வந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். சிக்கல் என்னவென்றால், வந்ததே 100-க்கு 8 பிள்ளைகள்தான். வாசிக்கவே தெரியாத பிள்ளைகளிலும் 100-க்கு 13 பேர்தான் வந்தார்கள்.

ஆக, சொல்லித்தருவதில் தன்னார்வலர் தோற்கவில்லை. தேவைப்படுகிறவரை வகுப்புக்கு வரவைப்பது, தன்னார்வலரைத் தக்கவைப்பது, கற்றதைக் கரையாமல் காப்பது ஆகிய மூன்றும்தான் சறுக்கும் இடங்கள். மூன்றுமே ஒரு தனி மனிதரின் நல்ல மனசால் மட்டும் தீர்கிற விஷயங்கள் அல்ல.

சறுக்கல் 1: யார் வர முடிகிறது?

சென்னையை எடுத்துக்கொள்வோம். நகருக்குள் ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்த குடிசைப் பகுதிகள் அகற்றப்பட்டு, மக்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பழைய இடத்திலிருந்து பலருக்கும் 20 கிலோமீட்டருக்கு மேல் தூரம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பழைய இடத்துக்கே காலையில் பஸ் ஏறுகிறார்கள், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். மாலை 6 மணிக்கு எழுத்தறிவு வகுப்பு என்றால், அவர்களுக்கு அந்த வகுப்பு இல்லாத மாதிரிதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்' என்ற முறை, தெருவில் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்திருந்தால்தான் வேலை செய்யும். பல பகுதிகளிலிருந்து கொண்டுவந்து ஒரே அடுக்குமாடியில் குடிவைக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பழக்கம் வர வருஷங்கள் ஆகும். பொம்பளைப் பிள்ளையை இரண்டு பிளாக் தள்ளி மாலை வகுப்புக்கு அனுப்பவே தாய்மார்கள் யோசிப்பார்கள். பள்ளி மாறியதில் படிப்பையே விட்ட பிள்ளைகளும் இந்தப் பகுதிகளில் உண்டு. கிராமத்துக்கு வகுத்த அதே நேரம், அதே இடம், அதே முறை இங்கே பொருந்தாது.

வெட்கமும் ஒரு தடை. 'இந்த வயசுல போய் படிச்சு என்ன ஆகப்போகுது' என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. பேரன் படிக்கும் பள்ளியில், அவன் உட்காரும் பெஞ்சில் உட்கார எல்லோருக்கும் மனசு வராது. அறிவொளிக் காலத்தில் ஊரே திரண்டதால் அந்த வெட்கம் போனது. பத்துப் பேர் பட்டியலில் ஒருவராகப் பெயர் எழுதப்படும்போது அது போவதில்லை.

சறுக்கல் 2: தன்னார்வலர் எத்தனை நாள் நிற்பார்?

திட்டங்கள் களத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்ததை வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

• அறிவொளி இயக்கம்: சொல்லித்தந்தவர்களுக்கு ஊதியம் இல்லை.
• கற்கும் பாரதம்: மைய ஊக்குநருக்கு மாதம் ரூ.2,000. வகுப்பு எடுத்த தன்னார்வலருக்கு இல்லை.
• இல்லம் தேடிக் கல்வி: தன்னார்வலருக்கு மாதம் ரூ.1,000.
• புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்: தன்னார்வலருக்கு ஊதியம் இல்லை.

ஆயிரம் ரூபாய் என்பது எவ்வளவு? மாதம் 20 நாள், தினமும் ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் 30 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 33 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட ஒரு நாள் கூலி ரூ.336. மூன்று நாள் கூலிதான் இங்கே ஒரு மாத ஊக்கத்தொகை.

இதற்கு இரண்டு பக்கமும் வாதம் உண்டு. ஒரு தரப்பு, 'காசு கொடுத்தால் சேவை மனப்பான்மை போய்விடும், அது வேலையாகிவிடும்' என்கிறது. இன்னொரு தரப்பு, 'படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களின் உழைப்பை இலவசமாகவோ மலிவாகவோ வாங்க வைத்த பெயர்தான் தன்னார்வம்' என்கிறது. முதல் வாதத்தை முழுசாக ஒதுக்க முடியாது. அறிவொளி காசுக்காக நடக்கவில்லை. ஆனால் அது குறுகிய காலப் பாய்ச்சல். வருஷக்கணக்கில் தினமும் மாலை வந்து உட்கார வேண்டிய வேலைக்கு அந்த உதாரணம் போதாது. நல்ல சம்பளத்தில் வேறு வேலை வந்தாலோ, கல்யாணமாகி ஊர் மாறினாலோ தன்னார்வலர் போகத்தான் செய்வார். போவது அவர் தவறு அல்ல. அவர் போனால் அடுத்தவர் யார் என்ற ஏற்பாடு இல்லாததுதான் குறை.

சறுக்கல் 3: தேர்வுக்கு அடுத்த நாள் என்ன?

2024-ல் மத்திய கல்வி அமைச்சகம் ஒரு வரையறை கொடுத்தது. ஒரு மாநிலத்தில் 95 சதவீத எழுத்தறிவு எட்டினால் அது 'முழு எழுத்தறிவு' பெற்றதாகக் கருதப்படும். லடாக், மிசோரம், கோவா, திரிபுரா, இமாச்சலப் பிரதேசம் எனப் பட்டியல் நீள்கிறது. இலக்கு வைப்பது நல்லதுதான். ஆனால் தேறியவர்களின் எண்ணிக்கையை மட்டுமே வெற்றியாகக் கணக்கெடுத்தால், கவனம் முழுக்கத் தேர்வு நாளிலேயே நின்றுவிடும்.

தேர்வு எழுதிய பெண்மணிக்கு அடுத்த மாதம் வாசிக்க என்ன இருக்கிறது? பெரிய எழுத்தில், எளிய தமிழில் புத்தகமோ செய்தித்தாளோ பக்கத்தில் கிடைக்கிறதா? திட்டத்தின் ஆவணத்திலேயே வாழ்க்கைத் திறன், தொழில் திறன், தொடர்கல்வி எல்லாம் இடம்பெற்றிருக்கின்றன. களத்தில் அதிகம் கண்ணில் படுவது தேர்வும் சான்றிதழும்தான்.

அம்மா படித்தால் பிள்ளை படிக்குமா?

பெரியவர்களுக்கு ஒரு திட்டம், பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் என்று இரண்டும் தனித்தனியாக ஓடுகின்றன. வீட்டுக்குள் இரண்டும் ஒன்றுதான். பீகாரிலும் ராஜஸ்தானிலும் 480 குக்கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வில், தாய்மார்களுக்கு எழுத்தறிவு வகுப்பு, பிள்ளையோடு வீட்டிலேயே செய்யும் பயிற்சிகள், இரண்டும் சேர்ந்தது என மூன்று விதமாகச் சோதித்தார்கள். தாய்மார்களின் கற்றல், இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அதிகம் உயர்ந்தது. பிள்ளைகளின் கணக்கிலும் முன்னேற்றம் தெரிந்தது. அளவு சிறியதுதான், அதை மிகைப்படுத்தக் கூடாது. ஆனாலும் தாயையும் பிள்ளையையும் ஒரே வகுப்பில், ஒரே தன்னார்வலரிடம் சேர்த்து உட்காரவைக்கலாம் என்ற யோசனைக்கு அது ஓர் ஆதாரம். பேரனோடு சேர்ந்து வருவதற்குப் பாட்டிக்கும் வெட்கம் குறையும்.

இனி என்ன கவனிக்க வேண்டும்?

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் காலம் 2026-27-ல் முடிகிறது. அதே சமயம், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்க இருக்கிறது. 7 வயதுக்கு மேற்பட்டவர், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தால் எழுத்தறிவு பெற்றவர் என்பது கணக்கெடுப்பின் வரையறை. வெறும் கையெழுத்து அதில் சேராது. 2011-க்குப் பிறகு நடந்த திட்டங்களில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது அப்போது ஓரளவு தெரியும்.

அதற்குள் அடுத்த திட்டத்துக்கான பேச்சும் தொடங்கிவிடும். பெயர் என்னவாக இருந்தாலும், அதில் பார்க்க வேண்டியவை நான்கு: வகுப்பு நேரத்தை முடிவு செய்வது படிக்க வருபவரா, அலுவலகமா? தன்னார்வலருக்குப் போக்குவரத்துச் செலவாவது உண்டா? அவர் விலகினால் மாற்று ஆள் யார்? தேறியவரை ஓராண்டு கழித்து யாராவது போய்ப் பார்த்து, மறுபடி ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வார்களா? இந்த நாலாவது வேலைக்கு எந்தத் திட்டமும் இதுவரை பெரிதாகப் பணம் ஒதுக்கியதில்லை.